குழுவைத் தொடங்கியவரே கடைசி வரை இயக்குநரா? நீனா வான்ஸ் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

காவிரிக்கரை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். திருச்சியில் ஒரு சின்ன நாடகக் குழுவில் இருக்கிறேன். எல்லோருமே வேலைக்குப் போகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஒத்திகை, வருடத்துக்கு இரண்டு நாடகம், டிக்கெட் கிடையாது, முடிந்ததும் துண்டு ஏந்துவோம். குழுவைத் தொடங்கியவர் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். நாடகம் எது, யாருக்கு என்ன வேஷம், எந்த ஊரில் போடுவது, எல்லாம் அவர் முடிவு.

இப்போது பிரச்சினை என்னவென்றால், புதிதாக வந்த பிள்ளைகள் நாடகத்தை எல்லோரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறார்கள். இன்னொரு பக்கம், நன்றாக நடிக்கிற நாலு பேருக்காவது மாதாமாதம் ஏதாவது கொடுக்காவிட்டால் அவர்கள் சினிமாப் பக்கம் போய்விடுவார்கள் என்று ஒரு பேச்சு. அண்ணன் இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. நான் இருக்கும் வரை இப்படித்தான், அதற்கப்புறம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். அந்த 'அதற்கப்புறம்' என்ற வார்த்தைதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

ஒரு பட்டறையில் பேச்சுவாக்கில் ஒருவர் அமெரிக்காவில் நீனா வான்ஸ் என்று ஒரு பெண் இருந்தார், உங்கள் குழு மாதிரியே ஆரம்பித்து முப்பது வருஷத்துக்கு மேல் நடத்தினார், இதே சண்டை அங்கேயும் வந்தது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இணையத்தில் தேடினால் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. அவருடைய கதை முழுசாகத் தெரிந்தவர்கள் யாராவது எழுதுவீர்களா? புகழ்ச்சி வேண்டாம், அவர் எப்படி நடத்தினார், யாரோடு முட்டிக்கொண்டார், போன பிறகு என்ன ஆயிற்று, அதுதான் வேண்டும்.

---

பேயூ_கரை எழுதியது:

ஹூஸ்டனில்தான் இருக்கிறேன், நீனா வான்ஸ் தொடங்கிய ஆலி தியேட்டரில் நாடகம் பார்ப்பது எங்கள் வீட்டில் வழக்கம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1914இல் டெக்சஸில் யோக்கம் என்ற சிறிய ஊரில் பிறந்தவர். ஹூஸ்டனில் உயர்நிலைப் பள்ளியில் பேச்சும் நாடகமும் சொல்லிக்கொடுத்தவர், அதாவது உங்கள் அண்ணன் போல இவரும் வாத்தியார்தான். அந்தக் காலத்தில் ஹூஸ்டனில் மார்கோ ஜோன்ஸ் என்ற இன்னொரு பெண் 1936இல் ஊர்க்காரர்களை வைத்து ஹூஸ்டன் கம்யூனிட்டி பிளேயர்ஸ் என்று ஒரு குழு ஆரம்பித்திருந்தார். நீனா அதில் சேர்ந்து தொழில் பழகினார். போர் வந்ததும் ஆண்கள் எல்லோரும் ராணுவத்துக்குப் போக, 1942இல் அந்தக் குழு கலைந்துவிட்டது. அப்புறம் நீனா யூத சமூக மையத்தில் இருந்த ஒரு குழுவுக்கு நாடகம் இயக்கிக்கொடுத்தார். அங்கே பழகியவர்கள்தான் நமக்கென்று ஒரு அரங்கம் வைத்தால் என்ன என்று அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

1947 அக்டோபரில் நடந்ததுதான் எல்லோரும் சொல்கிற கதை. கையில் இருந்தது 2 டாலர் 14 சென்ட். ஒரு தபால் கார்டு ஒரு சென்ட். ஆக 214 கார்டு. ஹூஸ்டனுக்கு ஒரு புது நாடக அரங்கம் வேண்டுமா, வேண்டுமென்றால் மெயின் தெருவில் இந்த இடத்துக்கு செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு வாருங்கள், ஒரு நண்பரையும் கூட்டி வாருங்கள் என்று நாலே வரி எழுதி அனுப்பினார். நூறு பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். அந்த இடம் ஒரு நடனப் பள்ளி. தெருவிலிருந்து ஒரு சந்து வழியாக உள்ளே போக வேண்டும், அதனால்தான் ஆலி என்று பெயர். 87 இருக்கை. நவம்பரில் முதல் நாடகம் போட்டாயிற்று.

உங்கள் சண்டைக்கான இடம் இங்கேதான் வருகிறது. ஆரம்பத்தில் ஆலி உறுப்பினர்களுடைய குழு. பத்து சென்ட் சந்தா கட்டினால் உறுப்பினர், உறுப்பினர் என்றால் ஓட்டு உண்டு. காகிதத்தில் பார்த்தால் உங்கள் பிள்ளைகள் கேட்கிற முறை. நடைமுறையில் நாடகம் எது, யார் நடிப்பது என்பதற்கெல்லாம் கூட்டம் போட்டுப் பேசி, ஒவ்வொன்றுக்கும் கோஷ்டி சேர்ந்தது. 1950களின் தொடக்கத்தில் இது முற்றி, நீனா விட்டுக்கொடுக்காமல் நின்று, விதிகளையே மாற்றிக் கலை சம்பந்தமான முழு அதிகாரத்தையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். கூடவே இருந்து ஆணி அடித்தவர்கள் சிலர் மனக்கசப்போடு விலகினார்கள்.

அதற்குள் இடமும் மாறியிருந்தது. 1949இல் பெர்ரி தெருவில் ஒரு பழைய மின்விசிறித் தொழிற்சாலையை எடுத்து, நடுவில் மேடை, நான்கு பக்கமும் பார்வையாளர்கள், இருநூற்றுச் சொச்சம் இருக்கை என்று அமைத்தார்கள். திரை கிடையாது, பின்னணிச் சுவர் கிடையாது. விளக்கு அணைந்தால் காட்சி முடிந்தது என்று அர்த்தம், அந்த இருட்டில் நடிகர்கள் நாற்காலி எண்ணிக்கொண்டே வெளியே போக வேண்டும். எந்த நேரமும் யாராவது ஒரு பக்கத்துக்கு நடிகரின் முதுகுதான் தெரியும் என்பதால், இயக்குநர் ஆளை உட்காரவே விடாமல் நகர்த்திக்கொண்டிருக்க வேண்டும். செலவு குறைவு, ஆனால் ஒத்திகை வேலை இரண்டு மடங்கு. இந்த முறையை நீனா மார்கோ ஜோன்ஸிடமிருந்து எடுத்துக்கொண்டார். மார்கோ ஹூஸ்டனில் இருந்தபோதே ஒரு ஹோட்டல் அறையில் இதைச் செய்து பார்த்திருந்தார்.

1954இல் அடுத்த பெரிய திருப்பம். 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' நாடகத்துக்கு ஆல்பர்ட் டெக்கர் என்ற தொழில்முறை நடிகரைச் சம்பளம் கொடுத்து வரவழைத்தார். அதோடு ஆலி நடிகர் சங்க ஒப்பந்தத்துக்குள் போய்த் தொழில்முறை அரங்கமாக மாறியது. பகலில் அலுவலகம், ராத்திரி நாடகம் என்று இருந்தவர்களுக்கு அன்றோடு வாசல் சுருங்கிவிட்டது. நீனாவின் தொழில் வாழ்க்கையில் மிகவும் கஷ்டமான முடிவு இதுதான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் 214 கார்டில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

அப்புறம் பணம் வந்தது. ஃபோர்டு அறக்கட்டளை 1962இல் 21 லட்சம் டாலர் கொடுத்தது, கட்டிடத்துக்கும் நடத்துவதற்கும் சேர்த்து. 1968இல் டெக்சஸ் அவென்யூவில் இன்றைய கட்டிடம் திறந்தது, பிரெக்டின் 'கலிலியோ'வோடு. உள்ளே இரண்டு அரங்கம், ஒன்று பெரியது, இன்னொன்று பழைய தொழிற்சாலையின் ஞாபகமாக நாலு பக்கமும் உட்கார்கிற சிறியது. புது எழுத்தாளர்களுக்கும் இடம் கொடுத்தார். பால் ஜிண்டலின் 'தி எஃபெக்ட் ஆஃப் காமா ரேஸ்' நாடகம் முதலில் மேடையேறியது ஆலியில், 1965இல். அது 1971இல் புலிட்சர் பரிசு வாங்கியது.

1980 பிப்ரவரியில் இறந்தார். அதுவரை அவர்தான் இயக்குநர், வேறு யாரும் இல்லை. 1981இல் பாட் பிரவுன் என்பவர் வந்தார், அவரும் பெண்தான். அதற்கப்புறம் வேறு சிலர். 1996இல் சிறந்த வட்டார அரங்கத்துக்கான டோனி விருது கிடைத்தது. இன்றும் நடக்கிறது, பல நாட்கள் டிக்கெட் கிடைப்பதே சிரமம்.

---

செம்மண்_கூத்து எழுதியது:

பேயூ_கரை தோழருக்கு நன்றி, தெரியாத பல விஷயங்கள். ஆனால் இதை வெற்றிக் கதை என்று அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஊர்க்காரர்கள் ஊர்க்காரர்களுக்காக ஆரம்பித்த அரங்கம் 1954க்குப் பிறகு ஊர்க்காரர்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற அரங்கமாகிவிட்டது. அது தப்பு என்று சொல்லவில்லை, ஒரு பெருநகரத்துக்கு அதுவும் வேண்டியதுதான். காவிரிக்கரையின் குழு அப்படி ஆக வேண்டுமா என்பதுதான் கேள்வி.

நீனா வான்ஸோடு சேர்த்து இன்னொருவரையும் படியுங்கள், கர்நாடகத்தின் கே.வி. சுப்பண்ணா. சிவமொக்கா மாவட்டம், சாகர தாலுகா, ஹெக்கோடு. பாக்குத் தோட்டம் நிறைந்த ஒரு கிராமம். அங்கே 1949இல் தொடங்கியது நீநாசம், நீலகண்டேசுவர நாட்டிய சேவா சங்கத்தின் சுருக்கம். சுப்பண்ணா மைசூரில் படித்துவிட்டு நகரத்திலேயே தங்கிவிடாமல் ஊருக்குத் திரும்பித் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டு இதையும் நடத்தினார். அக்ஷர பிரகாசன என்று பதிப்பகம், 1970களில் திரைப்படச் சங்கம், குரோசாவா, சத்யஜித் ரே படங்களை விவசாயிகளுக்குப் போட்டுக்காட்டிய விழா, 1980இல் நாடகப் பயிற்சிப் பள்ளி, 1985இல் திருகாட்ட என்ற ஊர் சுற்றும் குழு. 1991இல் மகசேசே விருது.

நான் சொல்ல வருவது விருதை அல்ல, அமைப்பை. சம்பளம் வாங்கி ஊர் ஊராகப் போகிற திருகாட்ட ஒரு பக்கம் இருக்கிறது. ஹெக்கோட்டில் இருக்கிற சாதாரண ஆட்கள், தோட்டத்திலும் கடையிலும் வேலை செய்கிறவர்கள், நடிக்கிற ஊர்க்குழு இன்னொரு பக்கம் இருக்கிறது. ஒன்று வந்ததற்காக இன்னொன்றை மூடவில்லை. மழைக்காலத்தில் உட்கார்ந்து திருகாட்டவுக்கு நாடகம் தயார் செய்வார்கள், மழை விட்டதும் வண்டி கிளம்பும். நீனா இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது, சுப்பண்ணா இரண்டையும் வைத்துக்கொண்டார். கிராமத்தில் ஆள் வெளியே போக முடியாது, நாளைக்கும் அதே டீக்கடையில் முகத்தைப் பார்த்தாக வேண்டும், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

2005இல் சுப்பண்ணா இறந்தார். அதற்கு வெகுகாலம் முன்பே பள்ளிக்கு சிதம்பரராவ் ஜம்பே முதல்வராக இருந்தார், சுப்பண்ணாவின் மகன் அக்ஷரா தேசிய நாடகப் பள்ளியில் படித்துவிட்டு வந்து பொறுப்புகளை ஏற்றிருந்தார். மகனுக்கே போயிற்றே என்று விமர்சிக்கலாம், நானும் விமர்சித்திருக்கிறேன். ஆனாலும் அன்றைக்குப் பள்ளியில் வகுப்பு நின்றுபோகவில்லை, திருகாட்ட கிளம்பாமல் இருக்கவில்லை.

உங்கள் அண்ணன் "அதற்கப்புறம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார் இல்லையா, அந்த அப்புறத்தை அவர் இருக்கும்போதே ஆரம்பிக்க வேண்டும் என்று கேளுங்கள். ஓட்டு பற்றிய சண்டை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

---

அரங்க_விளக்கு எழுதியது:

சுருக்கமாக ஒன்று. மேலே மார்கோ ஜோன்ஸ் பெயர் வந்தது, அவர் கதையின் மறுபாதியையும் சொல்லாவிட்டால் இந்த இழை முழுமையாகாது.

நீனாவைவிட மார்கோ அன்று பெரிய பெயர். டென்னசி வில்லியம்ஸின் 'தி கிளாஸ் மெனாஜரி' நாடகம் நியூயார்க்கின் பெரிய வணிக அரங்குகள் இருக்கிற பிராட்வேயில் 1945இல் வந்தபோது அதன் இணை இயக்குநர் அவர். அந்தப் புகழோடு நியூயார்க்கில் இருந்திருக்கலாம். டல்லாஸுக்குத் திரும்பி 1947இல் ஒரு கண்காட்சித் திடல் கட்டிடத்தில் 198 இருக்கையோடு அரங்கம் தொடங்கினார். பெயர் தியேட்டர் '47. ஒவ்வொரு புத்தாண்டிலும் பெயர் மாறும், தியேட்டர் '48, தியேட்டர் '49 என்று. அங்கே போட்ட 85 நாடகங்களில் 57 புது நாடகம். இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள், யாரும் பார்த்திராத 57 பிரதிகளை நம்பி அவர் மேடையேற்றியிருக்கிறார். பிராட்வே தயாரிப்பாளர்கள் பலர் வேண்டாமென்று தள்ளிய 'இன்ஹெரிட் தி விண்ட்' 1955 ஜனவரியில் முதலில் அவரிடம்தான் மேடையேறியது, ஏப்ரலில் பிராட்வேக்குப் போய்ப் பெரிய பெயர் எடுத்தது.

அதே வருஷம் ஜூலையில் மார்கோ இறந்துவிட்டார். வீட்டுக் கம்பளத்தைச் சுத்தம் செய்யப் பயன்படுத்திய கார்பன் டெட்ராகுளோரைடின் ஆவியைச் சுவாசித்ததால் சிறுநீரகம் செயலிழந்தது. வயது 43. டல்லாஸ் அரங்கம் தடுமாறி 1959இல் மூடப்பட்டது. இத்தனைக்கும் பணம் கொடுக்கப் பெரிய மனிதர்கள் குழுவில் இருந்தார்கள், நகரத்தில் ஆதரவு இருந்தது. புதுப் பிரதியைப் படித்து இது நிற்கும், இது நிற்காது என்று முடிவு செய்கிற ஒரே ஆள் மார்கோ. அந்த வேலையை யாருக்கும் பழக்கிவிட அவருக்குக் காலம் கிடைக்கவில்லை. மாணவி நீனாவின் அரங்கம் இன்றும் இருக்கிறது, குருவின் அரங்கம் அவர் போன நாலு வருஷத்தில் முடிந்துவிட்டது.

ஆக, காவிரிக்கரை, அண்ணன் எப்படி நாடகத்தைத் தேர்ந்தெடுக்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஒரு ஆளாவது இருக்கிறாரா?

---

காவிரிக்கரை எழுதியது:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரி முழுக்க இதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

அரங்க_விளக்கு கேட்டதற்குப் பதில், இல்லை. அண்ணன் பிரதியை வீட்டில் வைத்துத் தனியாகத்தான் படிப்பார். பக்க ஓரத்தில் பென்சிலில் சின்னச் சின்னதாகக் குறிப்பு எழுதுவார், இந்த இடத்தில் மூச்சு, இங்கே பறை நிற்கட்டும் என்றெல்லாம். ஒத்திகைக்கு வரும்போது முடிவோடுதான் வருவார். அந்தக் கட்டுகள் அவர் வீட்டு அலமாரியில் இருக்கின்றன, இருபது வருஷத்துக்கு மேற்பட்டது. இத்தனை காலமாக யாரும் அதைப் பிரித்துப் பார்க்கக் கேட்டதில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

நாலு பேருக்குப் பணம் என்ற விஷயத்தில் எனக்கே குழப்பம். அந்த நாலு பேரில் ஒருவன் இரண்டு சக்கர வாகனக் கடையில் வேலை பார்க்கிறான். ஒத்திகைக்காக ஞாயிறு வேலையை விட்டதில் அவனுக்கு மாதம் இழப்புதான். அவனுக்குக் கொடுப்பது நியாயம். ஆனால் வங்கியில் வேலை பார்க்கிற என்னைப் போன்றவர்கள் ஓசியில் நடிக்க, அவன் சம்பளத்துக்கு நடிக்கிறான் என்று ஆகிவிட்டால் ஒத்திகையில் ஒரு வித்தியாசம் வந்துவிடுமோ என்று பயம். குழு பதிவும் செய்யப்படவில்லை. யாராவது நடைமுறை தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

நாடகம் எழுதவோ நடிக்கவோ தெரியாது, இரண்டு கலைக்குழுக்களுக்குக் கணக்கு பார்க்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் பதிவு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் ஏழு பேர் இருந்தால் போதும். துணைவிதி எழுதும்போது கடையில் விற்கிற மாதிரியை அப்படியே நிரப்பிக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் சண்டை முழுவதும் தீர வேண்டிய இடம் அந்தத் துணைவிதிதான். ஆலியில் விதியை மாற்றித்தான் நீனா ஜெயித்தார் என்று மேலே எழுதியிருக்கிறார்கள், விதி அவ்வளவு முக்கியம்.

என் யோசனை, நாடகத் தேர்வும் நடிகர் தேர்வும் இயக்குநரிடம் இருக்கட்டும், அதற்கு ஓட்டு வேண்டாம். ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த நாடகத்தைத் தோற்றவர்கள் அரை மனதோடுதான் நடிப்பார்கள், அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் இயக்குநர் யார் என்பதை உறுப்பினர்கள் முடிவு செய்யட்டும், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. அண்ணனையே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுங்கள், அதில் ஒன்றும் குறைவில்லை. பணம், இடம், எந்த ஊருக்குப் போவது, இதெல்லாம் செயற்குழு. இரண்டு நாடகத்தில் ஒன்றை அண்ணன் இல்லாமல் வேறொருவர் இயக்க வேண்டும் என்பதையும் எழுத்தில் வையுங்கள். அண்ணன் பார்வையாளராக வந்து உட்காரட்டும். இந்த ஒன்றுக்கு அவர் சம்மதித்தால் மீதி தானாக நடக்கும்.

பணம் விஷயம். நடிப்புக்குச் சம்பளம் என்று எழுதாதீர்கள், ஒத்திகை நாளுக்குப் படி என்று எல்லோருக்கும் ஒரே தொகை வையுங்கள். வங்கிக்காரர் வேண்டாமென்றால் அவர் அதைக் குழுவுக்கு நன்கொடையாகத் திருப்பி எழுதிக் கொடுக்கட்டும், ரசீது போடுங்கள். கடைப் பையனுக்குக் கூச்சமும் இருக்காது, கணக்கும் நேராக இருக்கும்.

இன்னொன்று, பிற்பாடு மத்திய அரசின் கலாசார அமைச்சகத்தில் குரு சிஷ்ய முறையில் குழுக்களுக்கு உதவித்தொகை கேட்க நினைப்பீர்கள். நல்ல திட்டம், பலர் அதில்தான் பிழைக்கிறார்கள். ஆனால் அது குரு என்று ஒருவர் பெயரைச் சுற்றித்தான் எழுதப்படும். குழுவுக்கு வருகிற பணமெல்லாம் அது ஒன்றாகவே ஆகிவிட்டால், குரு இல்லாத வருஷம் குழுவே காகிதத்தில் காணாமல் போய்விடும். பாதிக்கு மேல் அதை நம்ப வேண்டாம், துண்டு ஏந்துவதை நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

---

செம்மண்_கூத்து எழுதியது:

கணக்குப்பிள்ளை சொன்னதற்கு ஒரு சேர்க்கை. படி எல்லோருக்கும் ஒரே தொகை என்பது சரிதான், இயக்குநருக்கும் அதே தொகைதான் என்று வையுங்கள்.

காவிரிக்கரை, அந்தப் பென்சில் குறிப்புக் கட்டுகளை உடனே செல்போனிலாவது படம் எடுத்து வையுங்கள். எடுக்கும்போது அண்ணன் பக்கத்தில் இருக்கட்டும், ஒவ்வொரு குறிப்புக்கும் ஏன் என்று கேளுங்கள், அவர் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். இதற்குத் துணைவிதியும் வேண்டாம், பதிவும் வேண்டாம். வருகிற ஞாயிறு ஒத்திகை முடிந்து அவரோடு வீட்டுக்கு நடந்துபோனால் போதும்.

---

பேயூ_கரை எழுதியது:

இழை வேறு இடத்துக்குப் போய்விட்டாலும் ஒன்று சேர்க்கிறேன். நாலு பக்கமும் ஆட்கள் உட்காருகிற முறையை உங்கள் பள்ளி ஹாலிலேயே செய்யலாம், மேடை தேவையில்லை, பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டால் ஆயிற்று. நம் தெருக்கூத்திலும் மூன்று பக்கம் ஜனம் உட்காருவது வழக்கம்தானே, உங்கள் நடிகர்களுக்கு அது புதிதாக இருக்காது. அண்ணன் இயக்காத அந்த ஒரு நாடகத்தை இப்படிப் போட்டுப் பாருங்கள். விளக்கு எங்கே தொங்கவிடுவது, எதிர்வரிசைக்காரர் கண் கூசாமல் எப்படிச் சாய்ப்பது என்பதில் சந்தேகம் இருந்தால் ஹாலின் நீள அகலத்தையும் கூரை உயரத்தையும் இங்கே போடுங்கள். ஆலியில் பின்னரங்கத்தில் வேலை செய்கிற ஒருவர் எங்கள் தெருவில்தான் இருக்கிறார், கேட்டு எழுதுகிறேன்.